ஏபிஎஸ் டெஸ்ட்: கோத்தகிரியில் எடுக்கும் ரத்தம் கோவை போய்ச் சேர்வதற்குள் எங்கே கெடுகிறது?

கேள்வி: கோத்தகிரி டெக்னீஷியன்

வணக்கம். ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் (ஏபிஎஸ், ஆன்டிபாடியால் ரத்தம் கட்டுவதும் கரு கலைவதும் நடக்கும் நோய்) இருக்குமோ என்று டாக்டர்கள் எழுதும் மூன்று டெஸ்ட்டுகளுக்கும் இங்கே ரத்தம் எடுத்துக் கோவைக்கு அனுப்புகிறோம். லூபஸ் ஆன்ட்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின் ஆன்டிபாடி, பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி. பின்னிரண்டும் சீரத்தில் செய்வது, பெரிய தொந்தரவு இல்லை. லூபஸ் ஆன்ட்டிகோயாகுலன்ட் (இனி எல்ஏ) மட்டும் ஒரு தடவை வீக் பாசிட்டிவ், அதே ஆளுக்கு அடுத்த தடவை நெகட்டிவ், நடுவில் சாம்பிளே சரியில்லை என்று திருப்பி அனுப்புவது என்று இழுக்கிறது.

இங்கே உள்ள வசதி: 3.2 சதவீத சிட்ரேட் போட்ட நீலமூடி வேக்குவம் டியூப், 2.7 மி.லி. ரத்தம் பிடிப்பது. எட்டு டியூப் சென்ட்ரிஃப்யூஜ், அதிகபட்சம் 3500 சுற்று, நடுத்தண்டிலிருந்து டியூப் அடிவரை 10 செ.மீ. வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி ஒன்று, மேலே ஃபிரீசர். சாம்பிள் எடுக்க ஆள் வருவது மாலை 4 மணிக்கு.

கேட்க வேண்டியவை: டியூப் கோடு வரை நிரம்புவதே இல்லை, கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லையா? ஒரு தடவை சுற்றினால் போதுமா? வார்ஃபரின், ஹெப்பாரின் என்று உறைவைத் தடுக்கும் மருந்து போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எடுக்கலாமா? 12 வாரம் கழித்துத் திரும்ப எடு என்றால் பலர் வருவதில்லை. அது கட்டாயமா?

பதில் 1: ஹெமட்டாலஜி பெஞ்ச், கோவை

டியூப் நிரம்பாதது உங்கள் கைத்தப்பு இல்லை. உயரம்தான் காரணம். வேக்குவம் டியூப் எவ்வளவு ரத்தத்தை இழுக்கும் என்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். தொழிற்சாலையில் அதைச் சமவெளிக் காற்றழுத்தத்துக்குக் கணக்குப் பண்ணி வைக்கிறார்கள். கோத்தகிரி சுமார் 1800 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். ஊட்டி 2240 மீட்டர், 76 சதவீதம். கொடைக்கானலும் கிட்டத்தட்ட ஊட்டிக் கணக்குத்தான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். சிட்ரேட் போக 4.2 மி.லி. காலி இடம் உள்ள டியூப், சமவெளியில் 2.7 மி.லி. இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஊரில் அது 2.3 மி.லி. அளவிலேயே நின்றுவிடும். ரத்தம் ஒன்பது பங்கு, சிட்ரேட் ஒரு பங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏழே முக்காலுக்கு ஒன்று. கோட்டளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏற்கக் கூடாது என்பதுதான் விதி, இது 86. டியூப்பின் அளவைப் பொறுத்து எண் கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனால் திசை மாறாது.

கூடுதல் சிட்ரேட் என்ன செய்யும் என்றால், நாங்கள் டெஸ்ட்டில் ஊற்றும் கால்சியத்தை அது பிடித்துக்கொள்ளும். பிளாஸ்மா உறையத் தாமதிக்கும். எல்ஏ இருந்தாலும் உறையத் தாமதிக்கும். எல்லைக்கோட்டில் இருக்கும் சாம்பிளுக்கு இந்தச் சின்னத் தாமதமே போதும், வீக் பாசிட்டிவ் என்று தள்ளிவிட.

சரிசெய்ய வழி இருக்கிறது. சிரிஞ்சில் எடுங்கள். ஊசியைக் கழற்றி, டியூப் மூடியைத் திறந்து, சுவரோடு மெல்ல வழியவிட்டுக் கோடு வரை நிரப்புங்கள். ஊசியோடு மூடியைக் குத்திப் பிஸ்டனை அழுத்தினால் சிவப்பணு உடையும். சிரிஞ்சில் ரத்தம் காத்திருக்கக் கூடாது, எடுத்த கையோடு நீல டியூப்தான் முதலில். குறைவாக நிரம்பிய இரண்டு டியூப்பை ஒன்றாக ஊற்றிக் கோட்டை எட்ட வைப்பதைப் பார்த்திருக்கிறோம். அதில் சிட்ரேட்டும் இரட்டிப்பாகிறது, விகிதம் அதே தப்பு விகிதம்தான். ஊதா மூடி டியூப்பிலிருந்து கொஞ்சம் சாய்த்து நிரப்புவது அதைவிட மோசம், அதில் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ ஒரு சொட்டு போதும், உறைவு நேரம் எல்லாம் நீள.

பட்டர்ஃபிளை செட் போட்டு எடுத்தால் அந்தக் குழாயில் இருக்கும் காற்று வேக்குவத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். முதலில் ஒரு டம்மி டியூப் போட்டுக் காற்றை எடுத்துவிட்டுப் பிறகு நீலம். நிரப்பியதும் நாலைந்து தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். கையில் கட்டிய கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.

அடுத்தது குளிர். சிட்ரேட் ரத்தத்தை அறை வெப்பத்தில் வை என்று எழுதியிருப்பது 18 முதல் 24 டிகிரிக்கு. தை மாத விடியலில் உறைபனி இறங்கும் ஊரில் லேப் மேசை 10, 12 டிகிரியில் இருக்கும். அது அறை வெப்பமே இல்லை. குளிரில் ஏழாம் காரணி (ரத்தம் உறைய உதவும், எண்ணிட்ட புரதங்களில் ஒன்று) தானாகத் தூண்டப்படும், தட்டணுக்களும் கிளர்ந்து தன் கொழுப்பைப் பிளாஸ்மாவில் விடும். தடுப்பூசி கேரியரில் ஐஸ் பேக்கோடு வைத்து அனுப்பும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. சீரத்துக்கு அது நல்லது. சிட்ரேட் ரத்தத்துக்கு ஐஸ் ஆகாது. தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஐஸ் இல்லாமல், ஒரு சாதாரண தெர்மாமீட்டர். அவ்வளவு போதும்.

இப்போது சுற்றுவது. உங்கள் எண்களைப் போட்டால் 3500 × 3500 × 10 × 0.00001118, அதாவது 1370 ஜி. எல்ஏவுக்கு நாங்கள் 2000 ஜி, 15 நிமிடம், இரண்டு தடவை சுற்றுகிறோம். 10 செ.மீ. ஆரத்தில் 2000 ஜி வேண்டுமென்றால் 4230 சுற்று வேண்டும், உங்கள் மெஷினில் அது வராது. அதனால் நேரத்தைக் கூட்டிக்கொண்டு, கடைசியில் கிடைக்கும் பிளாஸ்மாவை செல் கவுன்டரில் போட்டுத் தட்டணு எண்ணிப் பாருங்கள். மைக்ரோலிட்டருக்கு 10,000க்குக் கீழே வந்தால் உங்கள் முறை சரி. வரவில்லை என்றால் எத்தனை நிமிடம் சுற்றினீர்கள் என்பதற்கு அர்த்தமில்லை.

தட்டணுவில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? எல்ஏ என்பது பாஸ்போலிப்பிட்டில் ஒட்டும் ஆன்டிபாடி. மிச்சமிருக்கும் தட்டணுக்கள் ஃபிரீசரில் உறைந்து உருகும்போது உடைந்து பாஸ்போலிப்பிட்டைக் கொட்டும், ஆன்டிபாடி போய் அதில் ஒட்டிக்கொள்ளும், எங்கள் டெஸ்ட்டில் எதுவும் தெரியாது. உங்களுக்கு வந்த நெகட்டிவ்களில் இது ஒரு பெரிய காரணமாக இருக்கலாம்.

செய்யும் விதம்: முதல் சுற்று முடிந்து பிரேக் போடாமல் தானாக நிற்கவிடுங்கள். சிவப்புக்கு மேலே வெளுத்த மெல்லிய அடுக்கு தெரியும். அதற்கு அரை செ.மீ. மேலே நிறுத்திப் பிளாஸ்டிக் பிப்பெட்டால் மேல் பிளாஸ்மாவை மட்டும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் டியூப்பில் விடுங்கள். கண்ணாடி வேண்டாம், கண்ணாடிச் சுவரே உறைவைத் தூண்டும். திரும்பச் சுற்றுங்கள். இந்தத் தடவை அடியில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால்தான் பலர் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிடுகிறார்கள். அடியில் கால் மி.லி. விட்டுவிடுங்கள். ஒரு 2.7 மி.லி. டியூப்பில் உருப்படியாக 1 மி.லி.க்குச் சற்றுக் கூடக் குறையத்தான் கிடைக்கும், அதனால் இரண்டு டியூப் எடுங்கள். அரை அரை மி.லி.யாகத் திருகுமூடிக் குப்பியில் பிரித்து, மேலே 'சிட்ரேட் பிளாஸ்மா' என்று எழுதுங்கள். பிரித்துவிட்டால் சீரமும் இதுவும் பார்வைக்கு ஒன்றுதான்.

ரத்தம் எடுத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் டெஸ்ட் தொடங்க வேண்டும், அல்லது பிளாஸ்மா உறைந்திருக்க வேண்டும். மாலை 4 மணி ஆள் இதற்கு உதவமாட்டார். ஃபிரிட்ஜின் மேல் ஃபிரீசரையும் நம்ப வேண்டாம். பனி கட்டாமல் தானே உருக்கிக்கொள்ளும் வகை என்றால் உள்ளே வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பாதி உருகி மீண்டும் உறையும். நிலையான −20 டிகிரியில் இரண்டு வாரம், −70 டிகிரியில் மாதக்கணக்கு. உலர்பனி இல்லாமல் உறைந்த பிளாஸ்மாவை மலையிறக்கினால் மேட்டுப்பாளையம் தாண்டும் முன்பே உருகிவிடும்.

நேர்மையாகச் சொன்னால், உங்கள் வசதிக்கு எளிய வழி: மற்ற இரண்டு டெஸ்ட்டுக்குச் சீரத்தை நீங்கள் அனுப்புங்கள், எல்ஏவுக்கு மட்டும் ஆளையே கீழே அனுப்புங்கள். தோட்டக்கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி என்பது தெரியும். தப்பான ரிப்போர்ட்டை வைத்து ஆயுள் முழுக்க மருந்து சாப்பிடுவதோடு ஒப்பிட்டால் அந்த ஒரு நாள் சின்னது. முடியாதவர்களுக்கு, காலை ஏழரைக்கு எடுத்து, எட்டரைக்குள் இரண்டு சுற்றும் முடித்து, அடுத்த வண்டியிலேயே பிளாஸ்மாவைக் கொடுத்துவிடுங்கள். இறக்கத்தில் வளைவுக்கு வளைவு குலுங்கப் போவது முழு ரத்தமாக இருக்கக் கூடாது.

பதில் 2: மருந்து பார்க்கிறவர், குன்னூர்

மேலே சொன்னது எல்லாம் சரிங்க. மருந்துக் கேள்விக்கு வர்றேன். கார்டியோலிப்பினும் பீட்டா-2வும் எலிசா முறை (ஆன்டிபாடியை நேரடியா அளக்கிறது), வார்ஃபரினோ ஹெப்பாரினோ அதைத் தொடாது. எந்த நாள் வேண்டுமானாலும் எடுங்க. எல்ஏ மட்டும்தான் உறைவு நேரத்தை அளக்குது, உறைவைத் தடுக்கிற எந்த மருந்தும் அதைக் குழப்பும். ஆஸ்பிரின் குழப்பாது, அதை நிறுத்தச் சொல்லாதீங்க.

தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் ஊசி, அதாவது எனாக்ஸபாரின் வகை, போட்டு 12 மணி நேரமாவது ஆன பிறகு, அடுத்த ஊசிக்கு முன்னால் எடுங்க. ரீஏஜென்ட்டிலேயே ஹெப்பாரினை அடக்கும் பொருள் இருக்கும், ஆனால் ஒரு அளவு வரைக்கும்தான். டிரிப்பில் ஓடும் ஹெப்பாரின் என்றால் எல்ஏ எடுக்கவே வேண்டாம். கேனுலாவை ஹெப்பாரினால் கழுவியிருந்தால் அதிலிருந்து ரத்தம் எடுப்பதும் அதே தப்பு.

வார்ஃபரினில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதிக்குது என்று காட்டும் எண்) 1.5க்குக் கீழே இருந்தால் செய்யலாம். 1.5 முதல் 3 வரை என்றால் சில லேப்கள் நார்மல் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து செய்வாங்க, ஆனா கலக்கும்போதே வலு குறைந்த எல்ஏ கரைஞ்சு போயிடும், முடிவை நிச்சயமா எடுத்துக்க முடியாது. 3க்கு மேலே வேண்டாம். ரிவராக்ஸபான் வகை மாத்திரைகள் இன்னும் ஏமாற்றும். ஸ்கிரீன் (முதல் படி) நேரத்தை கன்ஃபர்ம் (உறுதிப்படுத்தும் படி) நேரத்தைவிட அதிகமாக நீட்டும், அப்படியே அச்சு அசல் எல்ஏ மாதிரி தெரியும். அதை உறிஞ்சி எடுக்கிற கரி மாத்திரை போட்டு பிளாஸ்மாவைச் சுத்தம் பண்ணித்தான் செய்யணும், அந்த வசதி உள்ள லேபா என்று கேட்டுட்டு அனுப்புங்க.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்றேன். டெஸ்ட்டுக்காக வார்ஃபரினை நிறுத்துங்க என்று லேப் கவுன்டரில் யாரும் சொல்லக் கூடாது. ஏபிஎஸ் உள்ளவருக்கு ரெண்டு வாரம் காப்பில்லாமல் இருந்தால் கால் நரம்பிலோ மூளையிலோ ரத்தக்கட்டி உட்காரலாம். நிறுத்தி ஹெப்பாரினுக்கு மாற்றி எடுப்பதா, அப்படியே விட்டு எலிசாவை மட்டும் வைத்துப் பார்ப்பதா என்பது டாக்டர் முடிவு.

ரிக்வெஸ்ட் ஃபார்மில் இதெல்லாம் எழுதி அனுப்புங்க: மருந்துப் பெயர், கடைசியாக எடுத்த தேதியும் மணியும், ஐஎன்ஆர், கர்ப்பமா எத்தனை வாரம், காய்ச்சல் இருந்ததா. காய்ச்சல் எதுக்கு என்றால், சிஆர்பி (அழற்சியில் ஏறும் புரதம்) ஏறியிருந்தால் ஏபிடிடி முறையில் (எல்ஏ பார்க்கும் உறைவு நேர டெஸ்ட்டுகளில் ஒன்று) எல்ஏ இல்லாமலே பாசிட்டிவ் வரலாம். அதே சமயம் எட்டாம் காரணி ஏறியிருந்தால் ஏபிடிடி சுருங்கி, இருக்கிற எல்ஏவும் மறைஞ்சிடும். கர்ப்பத்திலும் எட்டாம் காரணி ஏறும். அதனால கர்ப்பத்தில் நெகட்டிவ் வந்தால் பிரசவத்துக்குப் பின்னால் திரும்பப் பார்க்கணும்.

கோத்தகிரி டெக்னீஷியன்

ரொம்ப நன்றி. டியூப் விஷயம் யாருமே சொன்னதில்லை. ஒரு ரிப்போர்ட்டில் இப்படி இருக்கிறது: டிஆர்விவிடி ஸ்கிரீன் ரேஷியோ 1.45, மிக்ஸ் 1.28, கன்ஃபர்ம் 1.05. இதை எப்படிப் படிப்பது? இன்னொருவருக்கு எல்ஏ நெகட்டிவ், கார்டியோலிப்பின் ஆன்டிபாடியில் ஐஜிஎம் வகை மட்டும் 24 யூனிட். அவர்கள் வீட்டில் பயந்து போயிருக்கிறார்கள்.

பதில் 3: உறைவியல் படித்தவன்

டிஆர்விவிடி என்பது கண்ணாடி விரியன் விஷத்தை நீர்க்கச் செய்து பிளாஸ்மாவில் விட்டு உறைவு நேரம் பார்ப்பது. நம் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, அடிவாரத்து வயலில் கடிக்கும் அதே விரியன். கடிபட்டவர் ரத்தத்தை உறையாமல் ஆக்குவதும், டியூப்பில் உறைய வைப்பதும் ஒரே குணம்தான். விஷத்தில் உள்ள ஒரு நொதி பத்தாம் காரணியை நேரடியாகத் தூண்டும். இடையில் எட்டாம் காரணி, ஒன்பதாம் காரணி எதுவும் தேவையில்லை. அதனால்தான் ஏபிடிடியைக் குழப்புகிற பல விஷயங்கள் இதைக் குழப்புவதில்லை. ஆனால் பத்தாம் காரணிக்குப் பிறகு வேலை நடக்கப் பாஸ்போலிப்பிட் வேண்டும்.

ஸ்கிரீனில் பாஸ்போலிப்பிட்டைக் குறைத்து வைப்பார்கள். ஆன்டிபாடி இருந்தால் அந்தக் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளும், நேரம் நீளும். கன்ஃபர்மில் பாஸ்போலிப்பிட்டை அள்ளிக் கொட்டுவார்கள். ஆன்டிபாடி திணறிப்போய், நேரம் சுருங்கும். நீங்கள் சொன்ன ரிப்போர்ட்டில் 1.45ஐ 1.05ஆல் வகுத்தால் 1.38. பல லேப்களில் எல்லை 1.2க்குப் பக்கம் இருக்கும், அந்தந்த லேப் தன் நார்மல் ஆட்களை வைத்து நிர்ணயித்த எல்லைதான் செல்லும். நடுவில் உள்ள மிக்ஸ் என்பது நார்மல் பிளாஸ்மாவைச் சரிபாதி சேர்ப்பது. காரணிப் பற்றாக்குறை என்றால் நார்மல் பிளாஸ்மா அதை ஈடுகட்டிவிடும், நேரம் சரியாகிவிடும். தடுப்பான் இருந்தால் அது நார்மல் பிளாஸ்மாவையும் தடுக்கும். 1.28 என்றால் சரியாகவில்லை. ஆக, மருந்து எதுவும் குழப்பவில்லை என்றால் இது எல்ஏ பாசிட்டிவ்.

இதை ஏபிடிடி முறையிலும் செய்தார்களா என்று பாருங்கள். சிலிக்கா தூண்டியும் குறைந்த பாஸ்போலிப்பிட்டும் உள்ள ஏபிடிடி. இரண்டு முறையும் செய்ய வேண்டும், இரண்டில் ஒன்று பாசிட்டிவ் ஆனால் போதும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு நெகட்டிவ் என்று எழுதினால் அது பாதி வேலை.

பெயரால் ஏற்படும் பயத்தையும் சொல்லிவிடுகிறேன், நோயாளிகள் கேட்பார்கள். லூபஸ் ஆன்ட்டிகோயாகுலன்ட் என்று பெயர் இருப்பதால் லூபஸ் நோய் என்று அர்த்தமில்லை, ரத்தம் உறையாது என்றும் அர்த்தமில்லை. லூபஸ் நோயாளிகளிடம் முதலில் கண்டதால் 1972இல் வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. டியூப்பில் உறைவதைத் தாமதிக்கும், உடம்பில் உறைவைக் கூட்டும். ஆபரேஷனுக்கு முன் ஏபிடிடி நீண்டிருப்பதைப் பார்த்து, ரத்தப்போக்கு வரும் என்று நினைத்து எஃப்எஃப்பி (உறையவைத்துச் சேமித்த தானப் பிளாஸ்மா) ஏற்றுவது இந்தக் குழப்பத்தால்தான்.

24 யூனிட் ஐஜிஎம் விஷயத்துக்கு வருவோம். எலிசாவில் 40க்குக் கீழே உள்ளதைக் குறைந்த அளவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 2006ஆம் ஆண்டு சிட்னி வரைமுறையிலும் 40க்கு மேல், அல்லது 99ஆவது சதமானத்துக்கு மேல் இருந்தால்தான் கணக்கு. 2023இல் வந்த புதிய வகைப்பாட்டில் 40 முதல் 79 வரை நடுத்தரம், 80க்கு மேல் அதிகம். அதிலும் ஐஜிஎம் தனியாக வந்தால் ஒரே ஒரு புள்ளி. ஆய்வக வரிசையில் குறைந்தது மூன்று வேண்டும். அந்த வகைப்பாடு ஆராய்ச்சிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க உருவானது, ஒருவருக்கு வைத்தியம் வேண்டுமா என்பதை அதை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. இருந்தாலும், இதுவரை ரத்தம் கட்டாதவருக்கு, கருச்சிதைவும் இல்லாதவருக்கு, 24 என்ற ஐஜிஎம் மட்டும் இருந்தால் அதை ஏபிஎஸ் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ருமட்டாய்டு ஃபாக்டர் இருந்தாலே ஐஜிஎம் பொய்யாக ஏறும். சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தாலும் ஏறும்.

12 வாரம் கட்டாயம் என்பதற்கும் காரணம் இதுதான். தொற்றுக்குப் பின் வரும் ஆன்டிபாடிகள் சில வாரத்தில் வடிந்துவிடும். ஏபிஎஸ் ஆன்டிபாடி நின்று நிலைக்கும். இடைவெளி 12 வாரத்துக்குக் குறைந்தால் இரண்டாவது ரிப்போர்ட் எதையும் நிரூபிக்காது. முதல் ரிப்போர்ட்டிலேயே திரும்ப எடுக்க வேண்டிய தேதியை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது தடவையும் அதே லேபில், அதே கிட்டில் செய்யச் சொல்லுங்கள். கிட்டுக்குக் கிட் யூனிட் மாறும், ஒன்றில் 38 வந்தது இன்னொன்றில் 55 ஆகலாம், நோயாளி உடம்பில் எதுவும் மாறியிருக்காது. மூன்று டெஸ்ட்டும் பாசிட்டிவ் என்றால் அதுதான் அதிக ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு ரிவராக்ஸபானை வார்ஃபரினோடு ஒப்பிட்ட 2018 ஆய்வு, ரிவராக்ஸபான் பக்கம் ரத்தக்கட்டிகள் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. அதனால் ரிப்போர்ட்டில் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்படி ஒரே தாளில் கொடுப்பது டாக்டருக்குப் பெரிய உதவி.

பதில் 4: பிரசவ வார்டு, கூடலூர்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். கர்ப்பகாலத்தில் எல்லோருக்கும் விடிஆர்எல் (சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான முதல் டெஸ்ட்) பார்க்கிறோம். அதில் பாசிட்டிவ் வந்து, அதை உறுதிப்படுத்தும் டிபிஎச்ஏ நெகட்டிவ் என்றால், அந்தப் பெண்ணையும் குடும்பத்தையும் பால்வினை நோய்க் கேள்விகளால் நோகடிக்காதீர்கள். விடிஆர்எல் ரீஏஜென்ட்டிலேயே கார்டியோலிப்பின்தான் இருக்கிறது, ஏபிஎஸ் ஆன்டிபாடி அதில் ஒட்டும். முந்தைய கருச்சிதைவுகளை, எத்தனையாவது வாரம் என்பதோடு, கேட்டு எழுதி டாக்டருக்குக் காட்டுங்கள். பத்து வாரத்துக்கு மேல் வளர்ந்த சிசு காரணம் தெரியாமல் இறந்திருந்தால் அது ஒன்றே போதும், மூன்று டெஸ்ட்டையும் எழுத.

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) இருக்கிறது. ரத்தம் கட்டுவதும் கரு கலைவதும் அதிலும் நடக்கும். சிக்கிள் செல் பார்க்காமல் செலவு பிடித்த ஏபிஎஸ் டெஸ்ட்டுக்கு முதலில் அனுப்ப வேண்டாம்.

கோத்தகிரி டெக்னீஷியன்

குறித்துக்கொண்டேன். சிரிஞ்ச் முறைக்கு இன்றே மாறுகிறோம். கடைசியாக ஒன்று: ஏபிஎஸ் உறுதியாகி வார்ஃபரினில் இருப்பவர்களுக்கு விரல்நுனி மெஷினில் ஐஎன்ஆர் பார்க்கிறோம். அதை நம்பலாமா?

பதில் 1: ஹெமட்டாலஜி பெஞ்ச், கோவை

எல்ஏ உள்ளவர்களில் சிலருக்கு அந்த மெஷின் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும், ஸ்ட்ரிப்பில் உள்ள பாஸ்போலிப்பிட்டையும் ஆன்டிபாடி பிடிப்பதால். 4.5 என்று காட்டும், உண்மையில் 2.6 இருக்கும், டோஸைக் குறைப்பார்கள், ரத்தக்கட்டி வரும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை அதே நேரத்தில் நரம்பு ரத்தத்திலும் ஐஎன்ஆர் எடுத்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போகிறவருக்கு மெஷின் போதும், ஆனால் 4க்கு மேல் காட்டும் நாளில் நரம்பு ரத்தத்தில் பார்க்காமல் டோஸ் மாற்றச் சொல்லாதீர்கள். அந்த நரம்பு ரத்தமும் நீலமூடி டியூப்தான், கோடு வரை.